கூவும் வண்டி

திருத்தணியில் பத்து வருஷத்துக்கு மேல் உழைத்த மோட்டார் வண்டிகளில் பலவற்றுக்கு, விடியற்காலையில் ஒரு முறை கூவாமல் புறப்படத் தெரியாது. மார்கழியில், மலைமேல் பனி இறங்கி நிற்கும் நாட்களில், இந்தக் கூவலுக்குச் சுருதி இன்னும் ஏறும். சாவியைத் திருப்பியதும் "கிரீச்" என்று ஓர் அலறல். தெருநாய் எழுந்து நின்று பார்க்கும். எதிர்வீட்டு அம்மாள் கோலப்பொடிக் கிண்ணத்தோடு நிமிர்வாள். அரை நிமிஷத்தில் சப்தம் அடங்கிவிடும். அடங்கிவிடுவதால்தான் அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. வைத்தியர் வீட்டு வாசல்படி ஏறும்போது பல்வலி நின்றுவிட, அப்படியே திரும்பிப் போகும் நோயாளியைப் போல, வண்டிக்காரரும் கியரைப் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்.

எங்கள் வண்டியும் சென்ற வருஷம் இந்தக் கோஷ்டியில் சேர்ந்தது. பதினொரு வயதான டீசல் வண்டி. அதைச் செய்த கம்பெனியின் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. இத்தனை வருஷம் உழைத்ததை ஊரறியத் தூற்றுவது நியாயமாகாது. என் கணவருக்கு உத்தியோகம் ஹோசூரில். மாதத்துக்கு இரண்டு தடவை வருவார். மற்ற நாட்களில் வண்டியை ஓட்டுவது நான்தான். பள்ளிக்கூடத்துக்கு அதில் போகிறேன் என்பது பெரிய விஷயமல்ல, பஸ்ஸிலும் போகலாம். ஆனால் மாதம் ஒரு முறை என் மாமியாரைச் சோளிங்கர் வழியாக வேலூருக்கு அழைத்துப் போக வேண்டும். சர்க்கரை வியாதியினால் அவளுடைய கண்ணின் விழித்திரை கெட்டுவிட்டது. ஒரு கண் ஏறக்குறையப் போய்விட்டது. மற்றொன்றுக்கு மாதந்தோறும் ஊசி போடுகிறார்கள். ஊசி தேதி தவறினால், இருக்கிற பார்வையில் கொஞ்சம் போகும்; போனது திரும்பாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். ஆகையால் எங்கள் வீட்டில் வண்டியின் சௌக்கியமும் அத்தையின் கண்ணும் ஒரே காலண்டரில் குறிக்கப்படுகின்றன.

கூவல் தொடங்கியதும் பட்டறைக்குக் கொண்டுபோனேன். "பெல்ட் போச்சு, மேடம்" என்றார்கள். புதுப் பெல்ட் மாட்டினார்கள். இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய். நாலு மாதம் வண்டி மௌன விரதம் இருந்தது. ஐந்தாவது மாதம் மீண்டும் கூவிற்று. மறுபடியும் கொண்டுபோனேன், மறுபடியும் பெல்ட். மூன்றாந்தடவை போனபோது பட்டறைத் தலைவர், "சாரை ஒரு தடவை வரச் சொல்லுங்களேன், அவரிடம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன்" என்றார். சார் வணிகவியல் படித்தவர்; பதினொன்றாம் வகுப்புக்குப் பௌதிகம் போதிப்பவள் நான். இதை அவரிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று தோன்றியது. அன்றைக்கு அவர் ஒரு குப்பியை எடுத்து, ஓடுகிற பெல்ட்டின் மேல் ஏதோ மருந்தைப் பீய்ச்சினார். சப்தம் நின்றது. வீடு வந்து சேர்வதற்குள் திரும்பிவிட்டது.

அத்தை திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கண் மங்க மங்க அவளுக்குக் காது கூர்மையாகிக்கொண்டு வருகிறது. தெருவில் போகிற சைக்கிள் யாருடையது என்று செயினின் சப்தத்தைக் கொண்டே சொல்லிவிடுவாள்.

"மருந்து தெளித்தானா?" என்று கேட்டாள்.

"ஆமாம், அத்தை. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்கள் அப்பாவின் அரவை மில்லில் இதே கதைதான். இஞ்சினிலிருந்து அரவை யந்திரத்துக்குப் பெரிய பெல்ட் ஓடும். அது வழுக்கினால் ஆள் குங்கிலியத்தைப் பொடி பண்ணித் தூவுவான். அந்த நேரத்துக்குப் பிடிக்கும். அப்பா வந்தால் அவனை வைவார். 'பெல்ட்டை ஏண்டா பார்க்கிறாய்? பெல்ட்டை அமுக்குகிற உருளையைப் பார்!' என்பார். உன் வண்டியில் அந்த மாதிரி உருளை இருக்கிறதா?"

பொதட்டூர்ப்பேட்டையில் அறுபது வருஷங்களுக்கு முன்னால் நெல் அரைத்த மில்லின் ஞானம், இப்படியாக எங்கள் திண்ணைக்கு வந்து சேர்ந்தது.

இருக்கிறது. அதற்கு டென்ஷனர் என்று பெயர். பானெட்டைத் தூக்கிப் பார்த்தால், இஞ்சினின் ஒரு பக்கத்தில், நீளவாட்டில் வரிவரியாகப் பள்ளம் ஓடும் கறுப்புப் பெல்ட் ஒன்று நாலைந்து சக்கரங்களைச் சுற்றி வளைந்து வளைந்து போவது தெரியும். கீழே இருக்கும் பெரிய சக்கரத்தை இஞ்சின் சுழற்றுகிறது. அதிலிருந்து சக்தியைப் பெற்று, மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர், தண்ணீரைச் சுற்றவிடும் பம்பு, ஏ.ஸி. கம்ப்ரெஸர் ஆகிய எல்லாவற்றையும் இந்த ஒரே பெல்ட் சுழற்றுகிறது. பெல்ட் அறுந்தால் முதலில் பாட்டரி விளக்கு எரியும். தண்ணீர் நின்று போவதால் சிறிது தூரத்திற்குள் இஞ்சின் கொதிக்கும். அதற்கு மேலும் ஓட்டினால் ஸிலிண்டர் ஹெட் கோணிப் போகும். சோளிங்கருக்கும் வாலாஜாவுக்கும் நடுவில் சித்திரை வெயிலில், ஊசி போட்டுக்கொள்ளப் போகும் கிழவியோடு நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

பழைய அம்பாஸடர் வண்டியில் இந்தக் காரியம் வேறு விதமாக நடந்தது. 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை நம் நாட்டில் செய்துவந்த அந்த வண்டியில், பெல்ட் தளர்ந்தால் டைனமோவைத் தாங்கும் போல்ட்டைத் தளர்த்தி, ஓர் இரும்பைக் கொடுத்து நெம்பி, மறுபடி முடுக்குவார்கள். கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம் அமுங்க வேண்டும் என்பது கணக்கு. டாக்ஸி டிரைவர் எவரும் பீடியைக் கீழே போடாமலே இதைச் செய்துவிடுவார். 1979-ல் அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனியார் தங்கள் மஸ்டாங் வண்டியில், ஒரே நீண்ட பெல்ட்டைப் பாம்பு போல வளைத்து எல்லாவற்றையும் ஓட்டினார்கள். அந்த முறை நாளடைவில் உலகமெங்கும் பரவிற்று. இவ்வளவு நீளமான பெல்ட்டை மனிதன் நெம்பிக்கொண்டிருக்க முடியாதல்லவா? ஆகவே ஒரு கை, அதன் நுனியில் ஓர் உருளை, அடியில் ஒரு சுருள்வில் என்று அமைத்துவிட்டார்கள். பெல்ட் தேய்ந்து நீளும்போது வில் கையைத் தள்ளும். கை உருளையை அழுத்தும். பெல்ட் எப்போதும் ஒரே விறைப்பில் நிற்கும். வண்டி ஓடும் காலமெல்லாம் அந்தக் கை ஒரு கணமும் ஓய்வதில்லை. வில் களைத்துப் போகிறது. கை சுழலும் மூட்டிலுள்ள பிளாஸ்டிக் புஷ் தேய்கிறது. உருளைக்குள் இருக்கும் பேரிங்கின் கிரீஸ் வற்றுகிறது. அப்போது பெல்ட் வழுக்குகிறது. வழுக்கும்போது கத்துவது பெல்ட்; தண்டனையும் பெல்ட்டுக்கே கிடைக்கிறது. வகுப்பில் பின்னாலிருந்து கிள்ளியவன் பேசாமல் உட்கார்ந்திருக்க, "ஆ" என்றவன் வெளியே போவதில்லையா, அந்த மாதிரி.

அத்தையின் யோசனையைப் பரீட்சித்துப் பார்க்க ஒரு குவளைத் தண்ணீர் போதுமாக இருந்தது. வண்டி நின்ற இடத்தில் ஓடிக்கொண்டு கூவும்போது, பெல்ட்டின் வரிகள் உள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீரைத் தெளிக்க வேண்டும். சப்தம் நின்று, சிறிது நேரத்தில் திரும்பினால், சக்கரங்களில் ஏதோ ஒன்று நேர்க்கோட்டில் இல்லை என்று அர்த்தம். சப்தம் அதிகமானால் விறைப்புப் போதவில்லை, பெல்ட் வழுக்குகிறது. எங்கள் வண்டியில் தண்ணீர் பட்டதும் அலறல் இரு மடங்காயிற்று. டார்ச்சை அடித்துப் பார்த்தேன். மற்ற எல்லாம் ஒழுங்காகச் சுழல, டென்ஷனரின் கை மாத்திரம் குளிர்ஜுரக்காரனின் கை போல வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. அதன் மூட்டிலிருந்து துருப்பொடி கசிந்து, அலுமினியத்தின் மேல் செம்மண் கோடு போட்டிருந்தது. பெல்ட்டைப் பார்த்தேன். பழைய காலத்து ரப்பர் கெட்டால் வெடிப்பு விடும். இந்தக் காலத்து ரப்பர் வெடிப்பதில்லை. பள்ளங்கள் மாத்திரம் மெல்ல ஆழமாகும். நாலு மாதத்துப் பெல்ட் பாவம், புத்தம் புதிதாக இருந்தது.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். தண்ணீர் தெளிப்பதும் டார்ச் அடிப்பதும் ஓடுகிற இஞ்சினின் அருகில் நடக்கும் காரியங்கள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி, பின்னலைக் கொண்டையாக முடிந்து, வளையல்களைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போனேன். வேஷ்டி கட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும். மின்விசிறி தானாக எந்த நேரமும் சுழலும். அதற்கு ஆண் பெண் வித்தியாசம் தெரியாது.

வியாழக்கிழமை ஊசி. பட்டறையில், "டென்ஷனரா? அதெல்லாம் இருக்காது. வேண்டுமானால் அடுத்த வாரம் விட்டுவிட்டுப் போங்கள், பார்க்கலாம்" என்றார்கள். சனிக்கிழமை காலை நான் மின்சார ரயில் ஏறிச் சென்னைக்குப் போனேன். புது உறுப்புக்களுக்கு ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு. பழைய வண்டியிலிருந்து கழற்றியவற்றுக்குப் புதுப்பேட்டை. இரண்டும் மோட்டார் உலகத்தில் க்ஷேத்திரங்கள். புதுப்பேட்டையில் முழுக் காரையும் துண்டு துண்டாக வாங்கிவிடலாம். ஆனால் தேய்கிற சாமானைப் பழசாக வாங்குவது, தேய்ந்துபோன செருப்பை விற்றுவிட்டு வேறொருவர் தேய்த்த செருப்பை வாங்குவது போலத்தான்.

கடைக்காரர், "மெக்கானிக்குக்குப் போன் போட்டுக் கொடுங்கள், அம்மா. எது வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்" என்றார்.

"மெக்கானிக்குத்தான் பேசிக்கொண்டிருக்கிறாள்."

அவர் ஒரு கணம் பார்த்தார், பிறகு, "சேஸிஸ் நம்பர்?" என்றார். அதோடு என் ஸ்திரீத்துவம் மறந்து போய், வியாபாரம் நடந்தது. நல்ல மனிதர். மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று வண்டிக் கம்பெனியின் முத்திரை போட்டது, நாலாயிரத்து இருநூறு. இரண்டாவது, உறுப்பைச் செய்கிறவர்களே தங்கள் பெயரில் விற்பது, இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். கார்க் கம்பெனிகள் டென்ஷனர் போன்ற சாமான்களைப் பெரும்பாலும் தாங்களே செய்வதில்லை. வேறு தொழிற்சாலைகளில் செய்வித்துத் தங்கள் பெட்டியில் போடுகிறார்கள். பெட்டிக்குத்தான் அதிக விலை. மூன்றாவது, ஊர் பேர் இல்லாதது, ஆயிரத்து நூறு. அதன் உருளையை விரலால் சுண்டினேன்; பம்பரம் போல வெகுநேரம் சுழன்றது. "பாருங்கள், என்ன வழவழப்பு!" என்றான் கடைப்பையன். இரண்டாவதைச் சுண்டினேன், ஒரு சுற்று மெதுவாக வந்து நின்றுவிட்டது. இதில்தான் சூக்ஷ்மம் இருக்கிறது. மூடிய பேரிங்குக்குள் கிரீஸ் போதுமான அளவு இருந்தால் அது கையைக் கொஞ்சம் தடுக்கத்தான் தடுக்கும். பம்பரமாகச் சுழல்வது வயிறு காலியானது. பையன் இதைக் கேட்டதும் முதலாளியைப் பார்த்தான்; முதலாளி பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, இஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே, வீட்டு வாசலில் வேலையைத் தொடங்கினேன். சாவியை அத்தையின் மடியில் போட்டுவிட்டேன். அங்கிருந்து யாராலும் எடுக்க முடியாது. பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினேன். ஆல்டர்னேட்டருக்கு வரும் கம்பியில் எப்போதும் மின்சாரம் உண்டு. ஸ்பானர் பட்டால் தீப்பொறி பறக்கும். பெல்ட் எந்தச் சக்கரத்தின் மேலே போகிறது, எதன் கீழே நுழைகிறது என்பதை என் பெண் ஒரு விடைத்தாளின் பின்புறத்தில் படமாக வரைந்தாள். செல்போனிலும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டோம். இந்தப் படம் இல்லாமல் பெல்ட்டைக் கழற்றுகிறவர், முடியை அவிழ்த்துவிட்டு ஐந்து கால் பின்னலை நினைவிலிருந்து போடுகிறவருக்குச் சமானம்.

அடுத்து ஸ்பானர். டென்ஷனரின் கையில் அதற்காகவே ஒரு முனை வைத்திருக்கிறார்கள். அதில் நீண்ட பிடியுள்ள ஸ்பானரை மாட்டி, வில்லுக்கு எதிராகத் திருப்ப வேண்டும். 'விசையின் திருப்புத்திறன்' என்று பதினெட்டு வருஷமாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். பிடியின் நடுவில் கை வைத்தபோது அது அசையவே இல்லை. நுனிக்குக் கையை நகர்த்தினேன், தயக்கத்தோடு இறங்கி வந்தது. தூரம் இரண்டு மடங்கு, விசை பாதி. சூத்திரம் சரிதான் என்று தோள்பட்டை சாட்சி சொல்லிற்று. கை இறங்கியபோது நறநறவென்று மணலை மெல்லுவது போல ஒரு சப்தம் வந்தது. "இதோ, மூட்டு போயிருக்கிறது" என்று அத்தை திண்ணையிலிருந்தபடியே சொன்னாள். என் பெண் பெல்ட்டை மேல் சக்கரத்திலிருந்து நழுவவிட்டாள். ஸ்பானரை மெதுவாகத் திரும்பவிட வேண்டும். சட்டென்று விட்டால் வில் கையை அடித்து விரலை நசுக்கும்.

பெல்ட் இறங்கியிருக்கும் சமயம் அபூர்வமானது. அதை வீணாக்கக் கூடாது. ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பார்த்தோம். ஆல்டர்னேட்டர் சுத்தம், தண்ணீர்ப் பம்பு ஆடவில்லை, கசியவில்லை. பழைய டென்ஷனரின் உருளை மாத்திரம் சுற்றும்போது கரகரத்தது. பக்கவாட்டில் ஆட்டினால் ஆடியது. போல்ட்டைக் கழற்றி அதை எடுத்துவிட்டு, இஞ்சினின் மேல் அது உட்கார்ந்த இடத்தைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். புதியதன் பின்புறத்தில் ஒரு சிறு முளை இருக்கிறது. அது இஞ்சினிலுள்ள குழியில் உட்கார்ந்தால்தான் கை சரியான கோணத்தில் நிற்கும். பிறகு போல்ட். வண்டியின் புத்தகத்தில் சொல்லியிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்சினால் முடுக்க வேண்டும். அதை எங்கள் தெருவில் விசைத்தறி வைத்திருப்பவரிடம் இரவல் வாங்கினேன். கொடுக்க வந்தவர் போகாமல் நின்றார். தறிக்காரருக்கு விறைப்பைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அவருடைய தறியில் மோட்டாரைச் சாய்வாகத் தொங்கவிட்டிருக்கிறார். மோட்டாரின் எடையே பெல்ட்டை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. "பாவு தொய்ந்தால் துணியே இல்லை, டீச்சர்" என்றார். அதற்குப் பிறகு அவர் பெல்ட்டை மாட்டுவதில் கைகொடுத்ததோடு, வரிகள் ஒரு பள்ளம் தள்ளி உட்கார்ந்திருக்கின்றனவா என்று ஒவ்வொரு சக்கரத்திலும் நகத்தால் தடவிப் பார்த்துச் சொன்னார். ஒரு வரி தள்ளி உட்கார்ந்தால் பெல்ட் சில நாட்களில் நார் நாராகிவிடும்.

வேலை முடிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் பால்காரர் முதல் பூக்காரி வரை எட்டுப் பேர் வந்து பார்த்துப் போனார்கள். ஒருவர், "வீட்டில் ஆண்பிள்ளை யாரும் இல்லையா?" என்று கேட்டார். இன்னொருவர், மலைமேல் கொண்டுபோய் எலுமிச்சம்பழம் வைத்து ஒரு பூஜை போடும்படி புத்திமதி கூறினார். பூஜைக்கு நான் விரோதி அல்ல; முருகனும் பேரிங்கில் கிரீஸ் இருப்பதைத்தான் விரும்புவான்.

ஆனால் முதல் கேள்வி என்னைச் சிறிது சிந்திக்க வைத்தது. இது ராதாகிருஷ்ணன் 1888-ல் பிறந்த ஊர். உபாத்தியாயர்களுக்கு இங்கே மதிப்பு உண்டு. அந்த மதிப்பு, எங்கள் கை சுண்ணாம்புக்கட்டியைத் தவிர வேறொன்றையும் தொடாத வரைக்கும்தானோ என்று சில சமயம் தோன்றுகிறது. சுற்றிலும் பாருங்கள். எங்கள் ஜில்லாத் தலைநகரான திருவள்ளூருக்கு அருகே 1998-ல் லான்ஸர் கார் செய்யத் தொடங்கிய தொழிற்சாலையில் இப்போது சித்ரோன் கார்கள் செய்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார்கள் வரிசை வரிசையாக வெளிவருகின்றன. நல்ல பெல்ட்டுக்கு மதுரை ஃபென்னர் இருக்கிறது. இவ்வளவையும் நம்மவர் கைகளே செய்கின்றன. ஆனால் மாதத் தவணை கட்டி அந்த வண்டியை வாங்கும் படித்த குடும்பத்தில், பானெட்டைத் திறக்கும் கொக்கி எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு, ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டித்தான் யந்திரத்தைக் கற்றார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கினார். அவருக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை என்பதை நாங்கள் உபாத்தியாயர்கள் சொல்லாமல் விட்டுவிடுவோம்.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யலாம் என்று நான் சொல்ல வரவில்லை. இஞ்சினுக்குள்ளே மூடியின் பின்னால் டைமிங் பெல்ட் என்று வேறொன்று சில வண்டிகளில் உண்டு. அதற்கும் ஒரு டென்ஷனர் இருக்கிறது. அது பல் தவறினால் பல இஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளக்கூடும். அதைப் பழகிய கைகளுக்கே விட்டுவிட வேண்டும். பெயர் ஒன்றாக இருப்பதனால் காரியமும் ஒன்றென்று எண்ணி யாரும் கை வைக்க வேண்டாம்.

பாட்டரியை மாட்டினேன். கீழ்ச் சக்கரத்தின் போல்ட்டில் ஸ்பானரைப் போட்டு இஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, பெல்ட் இடம் மாறவில்லை என்று கண்டுகொண்டேன். அத்தையிடமிருந்து சாவியை வாங்கித் திருப்பினேன். டென்ஷனரின் கை அசையாமல் நின்றது. தறிக்காரர் ரெஞ்சைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். ஹோசூருக்குப் போன் செய்தபோது, என் கணவர் முதலில் கேட்ட கேள்வி, "போல்ட் எதுவும் மிச்சமாகவில்லையே?" என்பதுதான். மிச்சமாகவில்லை. பழைய டென்ஷனரைப் பள்ளிக்கூடத்து லாபரட்டரிக்குக் கொண்டுபோயிருக்கிறேன். பதினொன்றாம் வகுப்புப் பெண்கள் அதன் கரகரப்பைக் காதில் வைத்துக் கேட்கிறார்கள்.

வியாழக்கிழமை வேலூருக்குப் புறப்பட்டோம். நல்ல வெயில். சோளிங்கர் தாண்டியதும் ஏ.ஸி.யைப் போடக் கை நீட்டினேன். அத்தை வேண்டாமென்று தடுத்து, ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கச் சொல்லித் தலையைச் சாய்த்துக்கொண்டாள். நாலைந்து மைல் யாரும் பேசவில்லை. பிறகு, "சரி, இப்போது போடு" என்றாள்.